அத்தை "மேல போ" என்றால் எந்தப் பக்கம் திரும்புவது? (திருநெல்வேலி, ஸ்கூட்டர், அவசரம்)

தாம்பரத்து மருமகள்:

எல்லோருக்கும் வணக்கம். தாம்பரத்தில் பிறந்து வளர்ந்தவள் நான். கல்யாணமாகி பாளையங்கோட்டை பெருமாள்புரத்துக்கு வந்து நாலு மாதம் ஆகிறது. ஸ்கூட்டர் ஓட்டுவது எனக்குப் புதிதில்லை, ஜி.எஸ்.டி. ரோட்டில் பஸ்ஸுக்கும் லாரிக்கும் நடுவே பத்து வருடம் ஓட்டியிருக்கிறேன். வண்டியிலும் குறையில்லை. சிக்கல் பின் சீட்டில் இருக்கிறது. அங்கே அத்தை உட்கார்ந்து வழி சொல்கிறார்.

அத்தைக்கு லெஃப்ட், ரைட் கிடையாது. வடக்க, தெக்க, கீழப் பக்கம், மேலப் பக்கம்தான். போன வெள்ளிக்கிழமை நெல்லையப்பர் கோவிலுக்குக் கிளம்பினோம். ஜங்ஷன் தாண்டி ஈரடுக்குப் பாலம் வந்ததும் பின்னாலிருந்து ஏதோ சொன்னார். ஹெல்மெட்டுக்குள் "மேல போ" என்று மட்டும் விழுந்தது. எதிரே ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு பாலம். இதைவிடத் தெளிவாக யாரும் வழி சொல்ல முடியாது என்று நினைத்து மேல் பாலத்தில் ஏறிவிட்டேன். முன்னால் ஒரு டவுன் பஸ், பின்னால் ஒரு டவுன் பஸ், நடுவில் நாங்கள். அத்தை கண்ணை மூடிக் கந்த சஷ்டி கவசம் சொல்ல ஆரம்பித்தார்.

இறங்கியதும் கேட்டேன். "ஏட்டி, மேலப் பக்கமா போன்னுல்லா சொன்னேன். மேல ஏறுன்னா சொன்னேன்?" என்றார். மேலப் பக்கம் என்றால் மேற்காம். கீழ்ப் பாலத்தில் மேலப் பக்கமாகப் போயிருக்க வேண்டுமாம். எழுதும்போதே தலை சுற்றுகிறது.

கூகுள் மேப் வைத்தால் அந்த இடத்தில் அதுவும் உளறுகிறது. நான் எந்த அடுக்கில் போகிறேன் என்றே அதற்குத் தெரியவில்லை. போனில் கோளாறா? மத்தியான நேரத்தில் திசையை எப்படிக் கண்டுபிடிப்பது? இன்னொன்று, குலவணிகர்புரம் ரயில்வே கேட்டில் எப்படி நிற்க வேண்டும்? நான் ஒழுங்காக இடது பக்கம் நின்றதற்கு என்னை ஏதோ வேற்றுக்கிரகத்து ஆள் மாதிரி பார்த்தார்கள்.

வாகையடி முக்கு:

மதினி, முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடுகிறேன். உங்கள் அத்தை சொன்னதில் தப்பே இல்லை. மேற்கே பொதிகை மலை, அது மேடு. கிழக்கே கடல், அது பள்ளம். மேடு இருக்கிற திசை மேல, பள்ளம் இருக்கிற திசை கீழ. தாமிரபரணியே மேலிருந்து கீழேதான் வருகிறது. டவுனில் மேல ரத வீதி என்று ஒன்று இருக்கிறது, அது மாடியில் இல்லை. கோவிலுக்கு மேற்கே இருக்கிறது, அவ்வளவுதான்.

இந்தக் குழப்பம் ஊரில் வேறு எங்கேயும் வராது. அந்த ஒரு பாலத்தில் மட்டும்தான் வரும். பைக், சைக்கிள் கீழே, பஸ், லாரி மேலே என்பது ஏற்பாடு. ஜங்ஷனிலிருந்து டவுனுக்கு எந்த அடுக்கில் போனாலும் மேலப் பக்கம்தான் போகிறீர்கள். பஸ்ஸில் திரும்பி வரும்போது மேல் அடுக்கில் கீழப் பக்கம் வரலாம். இதை அத்தையிடம் சொல்லிவிடாதீர்கள், அன்றைக்குச் சோறு கிடைக்காது.

சிக்னல் இல்லாதவன்:

போனில் கோளாறு இல்லை, தங்கச்சி. செயற்கைக்கோள் சிக்னலை வைத்துப் போன் நீங்கள் இருக்கும் இடத்தைக் கணக்கிடுகிறது. கிழக்கு மேற்காக நாலைந்து மீட்டர் பிசகினாலும் சமாளித்துவிடும். உயரக் கணக்கில்தான் பிசகு இன்னும் அதிகம். இரண்டு ரோடும் ஒன்றின் தலையில் ஒன்று இருப்பதால் படத்தில் அவை ஒரே கோடு. கீழ் அடுக்கில் போனால் தலைக்கு மேல் கான்கிரீட் வேறு, சிக்னல் நேராக வந்து சேராது. கிடைத்ததை வைத்து மேப் பக்கத்தில் இருக்கிற ஏதோ ஒரு ரோட்டில் உங்களை ஒட்டவைத்துவிடும். அந்தப் பாலம் முடிகிற வரைக்கும் அதன் பேச்சைக் கேட்காமல் ஓட்டுங்கள். ஸ்ரீபுரம் பக்கம் இறங்கியதும் அதுவே தெளிந்துவிடும்.

பாலம் கட்டியது 1970களில். அன்றைக்கு மேல கீழ என்று இரண்டையும் போட்டுக் குழப்புகிறோமே என்று ஒரு எஞ்சினியருக்காவது தோன்றியிருக்காதா என்று நான் நினைப்பதுண்டு.

மூலைக்கரை:

திசை கண்டுபிடிக்க இவ்வளவு எதற்கு? ஆத்தைப் பாருங்கள். ஆறு கிழக்கே ஓடுது. சுலோச்சன முதலியார் பாலத்தில் நின்று தண்ணி எந்தப் பக்கம் போகுதோ அது கிழக்கு. முடிஞ்சு போச்சு.

வாகையடி முக்கு:

@மூலைக்கரை அண்ணாச்சி, நீங்கள் சொல்கிற மாதிரி அந்தப் பிள்ளை போனால் நேரே வடக்கே தச்சநல்லூரில் நிற்கும். தாமிரபரணி மொத்தத்தில் கிழக்கே ஓடுவது சரி. ஆனால் நெல்லைக்கும் பாளைக்கும் நடுவில் வரும்போது அது வடக்கே திரும்பி ஓடுகிறது. குறுக்குத்துறை தெற்கே இருக்கிறது, அங்கிருந்து பாலத்துக்குத் தண்ணீர் வருகிறதா இல்லையா? 1843-இல் சுலோச்சன முதலியார் கைக்காசு போட்டுக் கட்டிய பாலம் கிழக்கு மேற்காகக் கிடக்கிறது. கிழக்கே ஓடுகிற ஆற்றுக்குக் கிழக்கு மேற்காக யாராவது பாலம் கட்டுவார்களா?

மூலைக்கரை:

நாப்பது வருசமா அந்தப் பாலத்துல போறேன் வே. இப்பம்தான் யோசிச்சுப் பாக்கேன். சரிதான்.

பாளை டீச்சர்:

நான் தஞ்சாவூர்ப் பக்கம். பாளையங்கோட்டைக்கு வேலைக்கு வந்து இருபத்தெட்டு வருடம். நானும் இதே பாடு பட்டவள், அதனால் நான் கடைப்பிடித்ததைச் சொல்கிறேன்.

காலையில் கண் கூசினால் கீழப் பக்கம், சாயங்காலம் கண் கூசினால் மேலப் பக்கம். ஆனி, ஆடியில் வெயிலே தேவையில்லை. காற்று மேற்கேயிருந்து வந்து முகத்தில் அறையும். அந்தக் காற்றில் ஸ்கூட்டர் லேசாக ஆடும், பாலத்து மேல் கூடுதலாக ஆடும், பயப்படாமல் வேகத்தைக் குறையுங்கள். மற்ற மாதங்களில் மத்தியான வேளைக்குக் கோவில்தான் துணை. நெல்லையப்பர் கிழக்குப் பார்த்தவர். கோபுர வாசலில் நின்று உள்ளே பார்த்தால் நீங்கள் மேற்குப் பார்த்து நிற்கிறீர்கள். அங்கிருந்து மனசுக்குள் ஒரு கோடு போட்டுக்கொண்டு வீடு வரைக்கும் வந்துவிடுங்கள். எனக்கு இது பழக ஒரு வருடம் ஆனது. இப்போது தஞ்சாவூர் போனால் ஆட்டோக்காரரிடம் "அந்த முக்குல தெக்க திரும்புங்க" என்கிறேன், அவர் திரும்பி என்னைப் பார்க்கிறார்.

இரண்டு சொல் மட்டும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். முக்கு என்றால் தெரு மூலை. வாகையடி முக்கு, சந்திப்பிள்ளையார் முக்கு, லாலா சத்திர முக்கு என்று டவுன் முழுக்க முக்குதான். விலக்கு என்றால் பெரிய ரோட்டிலிருந்து ஊருக்குள் பிரிகிற இடம். "விலக்குல நிக்கேன்" என்று யாராவது சொன்னால் ஏதோ விதிவிலக்கு என்று நினைக்காதீர்கள், வெயிலில் நிற்கிறார், போய் ஏற்றிக்கொள்ளுங்கள்.

வேய்ந்தான்குளம் வெயில்:

இன்னொன்று சேர்த்துக்கொள்ளுங்கள், டீச்சர். எங்கள் ஊரில் இல்லாததை வைத்தும் வழி சொல்வார்கள். இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்ட பஸ் ஸ்டாண்டு இன்னும் "புது பஸ் ஸ்டாண்டு". கட்டபொம்மன் போக்குவரத்துக் கழகம் என்ற பெயரை 1997-இல் அரசு எடுத்துவிட்டது, ஆனாலும் என் அப்பாவுக்கு வருவது "கே.டி.சி. பஸ்"தான். போன மாதம் ஒருவர் என்னிடம் "அந்தப் புளியமரத்துக்குத் தெக்க" என்றார். மரம் எங்கே என்று கேட்டேன். "அத வெட்டிட்டாங்கல்லா" என்றார், எனக்கு அது தெரிந்திருக்க வேண்டும் என்கிற முகத்தோடு.

கேட் பக்கத்து வீடு:

குலவணிகர்புரம் கேட் பற்றிக் கேட்டிருந்தீர்கள். தினமும் ஜன்னல் வழியாகப் பார்க்கிறவன் என்பதால் நான்தான் சொல்ல வேண்டும்.

கேட் விழுந்ததும் முதல் இரண்டு நிமிடம் எல்லோரும் இடது பக்கம்தான் நிற்பார்கள். மூன்றாவது நிமிடம் ஒரு பைக் வலது பக்கம் போய் முன்னால் நிற்கும். அதைப் பார்த்து ஒரு ஆட்டோ. அதைப் பார்த்து ஒரு கார், இதே கார்க்காரர் சற்று முன்பு அந்த ஆட்டோவைத் திட்டியிருப்பார். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கமும் இதேதான் நடந்துகொண்டிருக்கும். நாகர்கோவில் ரயில் போய் கேட் தூக்கும்போது ரெண்டு பக்கமும் ரோட்டை அடைத்துக்கொண்டு குருக்ஷேத்திரம் மாதிரி நிற்பார்கள். ரயில் போக ஒரு நிமிடம், நாம் போகப் பத்து நிமிடம்.

நீங்கள் இடது பக்கமே நில்லுங்கள். பார்த்தால் பார்க்கட்டும். எஞ்சினை அணைத்துவிடுங்கள். சிலர் ஸ்கூட்டரைச் சாய்த்துக் கேட்டுக்கு அடியில் நுழைவார்கள், அதை மட்டும் செய்யவே செய்யாதீர்கள். அத்தை மேலப்பாளையம், பத்தமடை, கல்லிடைக்குறிச்சி என்று எங்கே கூப்பிட்டாலும் இந்தக் கேட் வரும். அதனால் பத்து நிமிடம் முன்னாலேயே கிளம்பிவிடுங்கள்.

தாம்பரத்து மருமகள்:

எல்லோருக்கும் நன்றி. கேட்டில் இன்றைக்கும் இடது பக்கம்தான் நின்றேன். பின்னால் நின்ற ஒரு பெரியவர் "பைய போம்மா" என்றார். பையை எடுத்துப் போகச் சொல்கிறார் என்று காலடியில் தேடினேன். மெதுவாகப் போ என்று அர்த்தமாம், அத்தை சொன்னார்.

அடுத்து ஒன்று. ஆனித் தேரோட்டத்தன்று டவுனுக்குள் ஸ்கூட்டர் போகுமா? அத்தை போயே ஆக வேண்டும் என்கிறார்.

வாகையடி முக்கு:

போகவே போகாது. நாலு ரத வீதியிலும் அன்றைக்கு மனுசத் தலைதான். நெல்லையப்பர் தேர் ஜனங்கள் வடம் பிடித்து இழுக்கிற தேர், எப்போது நகரும், எந்த வீதியில் நிற்கும் என்று யாருக்கும் உறுதியாகத் தெரியாது. டவுனுக்குள் நுழைகிற ஆர்ச்சுக்கு (வளைவுக்கு) வெளியிலேயே எங்கேயாவது வண்டியை விட்டுவிட்டு நடந்து வாருங்கள். சாதாரண நாளிலும் சாயங்காலம் கீழ ரத வீதிப் பக்கம் அல்வா வரிசை ரோட்டுக்கு வந்துவிடும், அந்த நேரத்தைத் தவிர்த்துவிட்டால் நல்லது. அத்தையின் காலுக்கு நடக்க முடியுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

தாம்பரத்து மருமகள்:

ஒரு வாரம் கழித்து எழுதுகிறேன். இன்றைக்குப் பெருமாள்புரத்திலிருந்து டவுன் வரைக்கும் ஒரு தடவைகூடத் தப்பாகத் திரும்பவில்லை. பாலத்தில் கீழ் அடுக்கில் மேலப் பக்கமாகவே போனேன். அத்தை பின்னாலிருந்து முதுகில் தட்டிக்கொடுத்தார்.

அந்தத் தெம்பில் வீட்டுக்கு வந்தால் சமையலறையிலிருந்து குரல். "ஏட்டி, மேல இருக்க அந்த முறுக்கு டப்பாவ எடு." மேற்குச் சுவர் அலமாரியைக் கால் மணி நேரம் குடைந்தேன், இல்லை. டப்பா பரணில் இருந்தது.

மூலைக்கரை:

எம்மா, பரண் எந்தச் சுவத்துல இருக்கு?

தாம்பரத்து மருமகள்:

கீழச் சுவரில், அண்ணாச்சி.