அவசரம்: பெட்ரோல் போட்டதும் கார் நின்னுடுச்சு, இன்சூரன்ஸ்ல காசு கிடைக்குமா?

வேளச்சேரி_கார்த்தி
நேத்து ராத்திரி மழை விட்டதும் பெட்ரோல் போட்டுட்டு வீட்டுக்குக் கிளம்பினேன். அரை கிலோமீட்டர்கூட போகல, திக்கித் திக்கி ஆஃப் ஆயிடுச்சு. அப்புறம் ஸ்டார்ட்டே ஆகல. டோ பண்ணி சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனா, டேங்க்ல தண்ணின்னு சொல்றாங்க. டேங்க் இறக்கணும், பம்ப் மாத்தணும், இன்ஜெக்டர் க்ளீன் பண்ணணும்னு மொத்தம் 23,400க்கு கோட்டேஷன். இன்சூரன்ஸ்ல கொடுப்பாங்களா மாட்டாங்களா? சாயங்காலத்துக்குள்ள பதில் சொல்லணும். தெரிஞ்சவங்க சீக்கிரம் சொல்லுங்க.

மடிப்பாக்கம்_வாசி
என்ன வண்டி? எந்த வருஷம்? எவ்வளவுக்குப் போட்டீங்க, பில் இருக்கா? வழியில தேங்கின தண்ணில இறங்கினீங்களா?

கீதா_ஓஎம்ஆர்
பாலிசி காம்ப்ரிஹென்சிவா (நம்ம வண்டிக்கும் சேர்த்து), தேர்டு பார்ட்டி (மத்தவங்களுக்கு ஆகிற சேதத்துக்கு) மட்டுமா? இன்ஜின்ல தண்ணி புகுந்தா கொடுக்கிற இன்ஜின் ப்ரொடெக்ட் போட்டிருக்கீங்களா? இதைச் சொல்லாம என்னன்னுங்க பதில் சொல்றது.

பழைய_அம்பாசிடர்
இது தண்ணியே இல்ல தம்பி. ஈ20, இருபது சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். நான் ரெண்டு வருஷமா தொண்டை கிழியக் கத்திட்டிருக்கேன், யாரும் கேக்கல. எத்தனால் ரப்பர் ஹோஸைத் தின்னும், பம்பைத் தின்னும், மைலேஜையும் தின்னும்.

பிஸ்டன்_பாலா
கேள்வி கேக்கிறதுக்கு முன்னாடி என்னென்ன எழுதணும்னு மேலே ஒரு பதிவு ஒட்டி வச்சிருக்கோம். அஞ்சு வருஷமா அங்கேயே இருக்கு, ஒருத்தரும் படிக்கிறதில்ல. மாடல் இல்ல, வருஷம் இல்ல, பாலிசி இல்ல. டீக்கடைல போய் "ஒண்ணு குடுங்க"ன்னா எதுல ஒண்ணுன்னு மாஸ்டர் கேப்பாரா இல்லையா? மத்தபடி என் கணிப்பு: டேங்கை எப்பவும் கால்வாசியாவே வச்சு ஓட்டுற ஆளு. உள்ளே காத்து வியர்த்து வியர்த்துத் தண்ணி சேர்ந்திருக்கும். பங்க்கைக் குறை சொல்றதுக்கு முன்னாடி நம்ம பழக்கத்தைப் பாக்கணும்.

வேளச்சேரி_கார்த்தி
சாரி, டென்ஷன்ல எழுதிட்டேன். 2023 டிசம்பர்ல எடுத்த கார், 1197 சிசி பெட்ரோல். 1,500க்குப் போட்டேன், ஜிபே, பில் வாங்கல. தண்ணில இறங்கல, மழை நேரத்துல வண்டியை மேம்பாலத்து மேலதான் நிறுத்தி வச்சிருந்தேன். மெக்கானிக் டேங்க்லேருந்து ஒரு வாட்டர் பாட்டில்ல பிடிச்சுக் காட்டினார். மேலே ஆரஞ்சா பெட்ரோல், கீழே ரெண்டு விரல் உயரத்துக்குக் கலங்கலா வேற ஏதோ. ஆட்டினா கலந்து, கொஞ்ச நேரத்துல திரும்பப் பிரிஞ்சு நின்னுது. இன்சூரன்ஸ் 2026 டிசம்பர் வரைக்கும் இருக்கு. எடுக்கும்போதே மூணு வருஷத்துக்குக் கட்டியாச்சு.

மடிப்பாக்கம்_வாசி
ஒரு லிட்டர் பாட்டில்ல ரெண்டு விரலா! பாலா சார், டேங்க் வியர்த்தா அவ்வளவு வருமா? கிணறே வெட்டியிருக்கலாம்.

ரிடயர்டு_சர்வேயர்
கார்த்தி, கடைசி வரியைப் படிச்சதும்தான் எனக்குப் பக்குன்னுது. பாலிசி பேப்பரை எடுத்துப் பாருங்க. அதுல ரெண்டு தேதி இருக்கும். 2018 செப்டம்பர்லேருந்து புது கார்னா தேர்டு பார்ட்டி மூணு வருஷத்துக்குச் சேர்த்துக் கட்டணும், டூ வீலர்னா அஞ்சு வருஷம். உச்ச நீதிமன்றம் சொன்னது. உங்க வண்டி 1000லேருந்து 1500 சிசிக்குள்ள வருது, அதனால 10,640ன்னு ஒரு வரி இருக்கும், ஜிஎஸ்டி தனி. 2026 வரைக்கும் இருக்கிறது அதுதான். உங்க வண்டிக்கு அடிபட்டா கொடுக்கிற ஓன் டேமேஜ் பெரும்பாலும் ஒரே வருஷம்தான். அது 2024 டிசம்பரோட முடிஞ்சிருக்கணும். ரெனியூ பண்ணீங்களா?

வேளச்சேரி_கார்த்தி
இல்ல. யாரும் போன் பண்ணலையே.

கீதா_ஓஎம்ஆர்
எங்க வீட்லயும் இதே கூத்துதான் நடந்தது. ஷோரூம்ல பாலிசி போட்ட பையன் தன் நம்பரையே கொடுத்துட்டான், ரெனியூவல் மெசேஜெல்லாம் அவனுக்கே போச்சு. ரோட்ல போலீஸ் கேக்கிறது தேர்டு பார்ட்டி உயிரோட இருக்கான்னுதான், அது இல்லேன்னாதான் முதல் தடவை 2,000 அபராதம். அதனால ஒரு வருஷமா உங்களுக்குத் தெரியவே வாய்ப்பில்ல.

பிஸ்டன்_பாலா
அதைத்தான் நான் மொதல்லயே கேட்டேன். சரி, இப்பவே ஆன்லைன்ல ஓன் டேமேஜ் மட்டும் தனியாப் போடுங்க. க்ளைம் எதுவும் வாங்கலேன்னா என்சிபின்னு (க்ளைம் வாங்காததுக்குத் தர்ற தள்ளுபடி) ப்ரீமியத்துல 20 சதவீதம் கழியும்.

கீதா_ஓஎம்ஆர்
கழியாது பாலா சார். முடிஞ்சு 90 நாள் தாண்டினா என்சிபி போச்சு. இவருக்கு ஒரு வருஷம் ஆகப்போகுது. வண்டியை இன்ஸ்பெக்‌ஷனும் பண்ணித்தான் கொடுப்பாங்க, டேங்க் கழட்டிக் கிடக்கிற வண்டிக்கு எவன் கொடுப்பான்?

அடையார்_ஆனந்த்
இதுக்கு ஏன் இவ்வளவு யோசனை? ரிப்பேர் முடிஞ்சதும் பாலிசி போடுங்க, அடுத்த மழைல வெள்ளத் தண்ணி புகுந்துடுச்சுன்னு இந்தக் கணக்கையும் சேர்த்துடுங்க.

ரிடயர்டு_சர்வேயர்
அந்த வேலையே வேண்டாம். 2015 வெள்ளத்துலயும் 2023 மிக்ஜாம்லயும் வண்டி வண்டியாப் பார்த்தவன் நான். வெள்ளம் புகுந்த வண்டில கார்பெட்டைத் தூக்கினா சேறு இருக்கும், சீட் அடில கோடு போட்ட மாதிரி கறை இருக்கும். டேங்க்ல மட்டும் தண்ணி, கார்பெட் காஞ்சு கிடந்தா யாரும் நம்ப மாட்டாங்க. பொய் க்ளைம்னு ஒரு தடவை பதிவாச்சுன்னா அப்புறம் தலைவலிதான்.
இன்னொண்ணு. ஓன் டேமேஜ் இருந்திருந்தாலும் இது கஷ்டம்தான். வெள்ளம் பாலிசில பேர் சொல்லியே இருக்கு. பங்க்ல போட்ட பெட்ரோல் சரியில்லாம பம்ப் போனா அதை மெக்கானிக்கல் கோளாறுன்னு தள்ளிடுவாங்க. அதனால இன்சூரன்ஸை விடுங்க, பங்க்கைப் பிடிங்க.

பழைய_அம்பாசிடர்
நான் சொன்னதுதான் கடைசில வருது. எத்தனால்தான் தண்ணியை இழுக்கும். சுத்த பெட்ரோலா இருந்தா தண்ணி பங்க் டேங்க் அடிலயே கிடக்கும்.

மடிப்பாக்கம்_வாசி
பாதி சரி. கொஞ்சம் தண்ணின்னா எத்தனால் தன்னோட கரைச்சுக்கும், அளவு மீறினா எத்தனாலும் தண்ணியும் ஜோடியாப் பிரிஞ்சு அடில உக்காந்துடும். கார்த்தி பாட்டில்ல பார்த்தது அதுதான். ஆனா அந்தத் தண்ணி பங்க்கோட நிலத்தடி டேங்க்ல மழைல இறங்கினது, அதுக்கு ஈ20 என்ன பண்ணும்? 2023 ஏப்ரலுக்கு அப்புறம் வந்த வண்டி, ஈ20க்குத் தாங்குற ரப்பர்தான் போட்டிருப்பாங்க.

பழைய_அம்பாசிடர்
அப்போ அஞ்சில ஒரு பங்கு சாராயம் கலந்துட்டு ஏன் இன்னும் நூறு ரூபாய் வாங்குறான்? விலை குறையணுமா இல்லையா?

அடையார்_ஆனந்த்
எத்தனால் சும்மா வரல பெரியவரே. மக்காச்சோளத்துல எடுக்கிறது 2024-25ல லிட்டர் 71.86க்கு வாங்கினாங்க. விலைல பெரிய பங்கு வரி, அதைக் கேளுங்க. மாநில வாட் மட்டும் 13 சதவீதம், அதுக்கு மேல லிட்டருக்கு 11.52.

பிஸ்டன்_பாலா
2021ல மாநிலம் மூணு ரூபாய் குறைச்சதையும் சேர்த்துச் சொல்லுங்க. மத்திய கலால் வரியைப் பத்தி ஏன் வாயே திறக்கல?

அடையார்_ஆனந்த்
நீங்க எந்தப் பக்கம்னு ஊருக்கே தெரியும் சார்.

கீதா_ஓஎம்ஆர்
அரசியலை வேற இழைல வச்சுக்கோங்கப்பா, அவர் சாயங்காலத்துக்குள்ள முடிவு சொல்லணும். கார்த்தி, வடிச்ச பெட்ரோலைக் கீழே ஊத்த விடாதீங்க, சாட்சி அது ஒண்ணுதான். பாட்டிலைக் கையில பிடிச்சு வீடியோ எடுங்க, சர்வீஸ் சென்டர் ஜாப் கார்டுல "எரிபொருளில் தண்ணீர்"னு எழுதி வாங்குங்க. ஜிபேல நேரம் இருக்கும், அதைக் காட்டி பங்க்ல டூப்ளிகேட் பில் கேளுங்க. ஃபில்டர் பேப்பர் டெஸ்ட் காட்டுறேன்னு சொன்னா மயங்காதீங்க, அது வேற கலப்படத்துக்கு. பங்க்கோட நிலத்தடி டேங்க்ல டிப் ராடுல (அளவுக் குச்சி) வாட்டர் பேஸ்ட், அதாவது தண்ணி பட்டா நிறம் மாறுற பசை, தடவி விட்டுக் காட்டச் சொல்லுங்க. மறுத்தா அங்க போர்டுலயே எண்ணெய் கம்பெனி சேல்ஸ் ஆஃபீசர் நம்பர் இருக்கும். அதுக்கு மேல 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். நுகர்வோர் ஆணையத்துல அஞ்சு லட்சம் வரைக்கும் கட்டணமே கிடையாது.

மடிப்பாக்கம்_வாசி
எந்த பங்க்னு இங்க பேர் போடாதீங்க கார்த்தி. அப்புறம் வக்கீல் நோட்டீஸ் உங்களுக்கு வரும்.

பிஸ்டன்_பாலா
பம்ப் மாத்தணும்னு சொன்னதையும் அப்படியே நம்பாதீங்க. டேங்க், லைன், ஃபில்டரை சுத்தம் பண்ணி, நல்ல பெட்ரோல் ஊத்தி ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்க. ப்ரஷர் வந்தா பழைய பம்பே போதும். இதையும் மேலே ஒட்டின பதிவுல எழுதியிருக்கேன்.

(ரெண்டு நாள் கழிச்சு)

வேளச்சேரி_கார்த்தி
பங்க்குக்குப் போனேன். எனக்கு முன்னாடியே ரெண்டு பைக்காரங்க சண்டை போட்டுட்டிருந்தாங்க, அதே ராத்திரி, அதே கதை. பேஸ்ட் டெஸ்ட்னு சொன்னதும் மேனேஜர் உள்ளே கூப்பிட்டு உக்கார வச்சார். 9,000 கொடுத்தார், வாங்கிட்டேன். பம்ப் மாத்தல, பழசே ஓடுது. சர்வீஸ் பில் 8,650. எல்லாருக்கும் நன்றி.

கீதா_ஓஎம்ஆர்
சந்தோஷம். ஓன் டேமேஜ் போட்டாச்சா? மறுபடி மழைன்னு சொல்றாங்க.

ரிடயர்டு_சர்வேயர்
இன்ஜின் ப்ரொடெக்டும் சேர்த்துப் போடுங்க. வேளச்சேரில இருந்துட்டு அதை விடலாமா.

கீதா_ஓஎம்ஆர்
கார்த்தி?

பழைய_அம்பாசிடர்
அந்த ரெண்டு பைக்கும் எந்த வருஷ மாடல்னு கேட்டீங்களா? ஈ20க்கு முந்தினதாத்தான் இருக்கும்.