நெடுந்தூரக் குறி: காடு பழகிய கண்ணா, கருவியும் கணக்குமா?

முறிகண்டியான்:
உக்ரேனில் 2023 நவம்பரில் ஒரு சினைப்பர், அதாவது மறைந்திருந்து நெடுந்தூரம் சுடும் படையாள், 3,800 மீற்றரில் நின்றவரைச் சுட்டு வீழ்த்தினார் என்று அந்நாட்டுத் தரப்பு அறிவித்தது. அதற்கு முந்திய சாதனை 2017இல் ஈராக்கில், கனடாப் படையாள் ஒருவருடையது, 3,540 மீற்றர். ஏ9 வீதியில் அவ்வளவு தூரம் நடக்க முக்கால் மணித்தியாலம் பிடிக்கும். லேசர் தூரத்தைச் சொல்கிறது, துவக்கின் தொலைநோக்கியை எத்தனை கிளிக் திருப்பவேண்டும் என்று கைக்கணினி சொல்கிறது, விசையை இழுப்பது மட்டும்தான் மனிதன். பிறகென்ன திறமை? நல்ல துவக்கும் காசும் இருந்தால் என்னையும் ஆறு மாதத்தில் சினைப்பர் ஆக்கலாம். மறுப்பவர்கள் வரலாம்.

வவுனிக்குளத்தான்:
ஆக்கலாம் தம்பி. ஏழாம் மாதம் முதல் நாளே ஆட்காட்டிக் குருவி உன்னைக் காட்டிக்கொடுத்துவிடும்.

சுடுவது கடைசி வேலை. சுடும் இடத்துக்கு ஒருவரும் காணாமல் போய்ச் சேர்வதுதான் தொழில். எங்கள் பக்கத்தில் இடியன் துவக்கோடு காட்டுக்குப் போன பழைய ஆட்களுக்கு அது நன்றாகத் தெரியும். அந்தத் துவக்கு தூரம் போகாது, மரைக்குக் கிட்டப் போயே ஆகவேண்டும். காற்று முகத்தில் அடிக்கிற பக்கமாக வரவேண்டும். சருகில் பாதத்தை மெல்ல அமர்த்திப் பாரம் கொடுக்கவேண்டும். குளக்கட்டில் ஆட்காட்டி எழும்பிக் கத்தினால் அது அடங்கும்வரை அரைக்காலில் நின்றாலும் அப்படியே நிற்கவேண்டும்.

ஸ்கொட்லாந்தில் மான் காடு காத்தவர்களைச் சேர்த்துத்தான் பிரித்தானியர் 1900இல் தென்னாபிரிக்காவில் நடந்த போவர் யுத்தத்துக்கு லோவற் ஸ்கவுட்ஸ் என்ற பிரிவைக் கட்டினார்கள். இன்று சினைப்பர்கள் போடும், சணல் நார் தொங்கும் உடுப்பு அந்த ஆட்களின் உடுப்பு. பின்லாந்தின் சிமோ ஹைஹா ஒரு கமக்காரர், வேட்டைக்காரர். சோவியத் படைக்கு எதிரான 1939–40 குளிர்காலப் போரில் ஐந்நூறு பேருக்கு மேல் அவர் கணக்கில் எழுதியிருக்கிறார்கள். அவருடைய துவக்கில் தொலைநோக்கியே இல்லை. அதை வைத்தால் தலை உயரும், கண்ணாடி வெயிலில் மின்னும் என்று வேண்டாமென்றார். மூச்சுப் புகை தெரியாமலிருக்க வாயில் பனியை வைத்துக்கொண்டார். கைக்கணினி எங்கே?

கணக்கு மாஸ்டர்:
அண்ணை வேட்டைக்காரரை மட்டும் எண்ணுகிறார். சோவியத் சினைப்பர் லியுட்மிலா பவ்லிசென்கோவை என்ன செய்வது? கியேவில் தொழிற்சாலை வேலை, சுடும் கழகத்தில் பயிற்சி, பிறகு பல்கலைக்கழகத்தில் வரலாறு. நகரத்துப் பிள்ளை. அவர் கணக்கில் 309 பேர். 1943இல் சோவியத் ஒன்றியம் பெண்களுக்கென்றே ஒரு சினைப்பர் பள்ளி நடத்தியது. அங்கே போனவர்கள் எல்லோரும் மரை வேட்டையாடியா வந்தார்கள்?

தூரம் கணிப்பது கூட எட்டாம் வகுப்புக் கணக்கு. தொலைநோக்கிக்குள் இருக்கும் அளவுக்கு மில் என்று பெயர். 1,000 மீற்றரில் ஒரு மில் ஒரு மீற்றரை மறைக்கும். இரண்டு மீற்றர் கதவு நிலை உங்கள் கண்ணாடியில் 2.5 மில் மறைத்தால், 2ஐ 1,000ஆல் பெருக்கி 2.5ஆல் பிரியுங்கள். 800 மீற்றர். லேசர் பழுதானாலும் வேலை நிற்காது.

இன்னொன்று, பூமி சுற்றுவது. குண்டு 1,000 மீற்றர் போக ஏறக்குறைய 1.7 விநாடி என்று வையுங்கள். அந்த நேரத்தில் ஹைஹாவின் ஊரில் குண்டு 11 சென்ரிமீற்றர் அளவு வலப்பக்கம் விலகும். எங்கள் வன்னி பூமத்திய ரேகைக்குக் கிட்ட, 9 பாகையில் இருக்கிறது. இங்கே 2 சென்ரிமீற்றர்தான். ஆனால் கிழக்குப் பார்த்துச் சுட்டால் அதே சுழற்சியால் 12 சென்ரிமீற்றர் மேலே போகும், மேற்குப் பார்த்தால் அவ்வளவு கீழே. இதை எந்தக் காடு சொல்லித்தரும்?

வவுனிக்குளத்தான்:
பூமி சுற்றுவதைக் கணக்குப் போட்ட மாஸ்டர் சோழகக் காற்றை மறந்துவிட்டீர்கள். மணிக்கு 16 கிலோமீற்றர் குறுக்குக் காற்று 7.62 மில்லிமீற்றர் குண்டை 1,000 மீற்றரில் இரண்டு மீற்றருக்கு மேல் தள்ளும். உங்கள் 2 சென்ரிமீற்றரை எங்கே வைப்பது?

காற்றளவி நீங்கள் நிற்கும் இடத்துக் காற்றைத்தான் சொல்லும். 600 மீற்றருக்கு அங்கால் வெட்டையில் என்ன காற்று? அதைக் கண்ணால்தான் பிடிக்கவேண்டும். ஆடி மாத மத்தியானம் ஆனையிறவு உப்பளப் பக்கம் பைனாகுலரால் பாருங்கள். காற்றில்லாத நேரம் கானல் நேர் மேலே கொதிக்கும். இளங்காற்று வந்தால் சாய்ந்து ஓடும். காற்று பிடித்தால் தரையோடு படுத்து ஆற்றுத் தண்ணீர் போல ஓடும், இன்னும் கூடினால் கானலே மறைந்துவிடும். வடலி ஓலை ஒரு பக்கம் அடிக்க, கிட்டப் புல் மறுபக்கம் சாயும். எந்தக் காற்றை நம்புவது? அனுபவம் அதுதான்.

முறிகண்டியான்:
சரி, காற்றை நீங்களே வைத்திருங்கள். இன்று புதரில் மூன்று நாள் படுத்திருப்பவரை ட்ரோன் உடல் சூட்டை வைத்தே கண்டுபிடிக்கும். 2023இல் அமெரிக்க மரைன் படையே தன் சினைப்பர் பிளாட்டூன்களைக் கலைத்து வேவுப் பிளாட்டூன்களாக மாற்ற முடிவெடுத்தது. தொழிலே முடிகிற நேரத்தில் கானலைப் பற்றிக் கதைக்கிறோம்.

முள்ளியவளை மகள்:
அண்ணைமார் மூவரும் விசையை இழுப்பவரையே பார்க்கிறீர்கள். சினைப்பர் பெரும்பாலும் சோடியாகத்தான் போவார். பக்கத்தில் இருப்பவர்தான் காற்றைச் சொல்லி, குண்டு போகும் தடத்தைப் பார்த்து, எவ்வளவு திருத்துவது என்று சொல்வார். பல இடங்களில் அவர்தான் மூத்தவர். பயிற்சியில் பத்துப் பன்னிரண்டு சாமானைத் துணியால் மூடி, சிறிது நேரம் திறந்து காட்டி மறுபடி மூடுவார்கள். பிறகு நிறம், அளவு, எது எதன் பக்கத்தில் என்று எழுதவேண்டும். பார்த்து எழுதி அனுப்புவதுதான் வேலையில் பெரும்பங்கு. ஆகவே வேவுப் பிளாட்டூன் ஆக்கினார்கள் என்றால் தொழில் முடிந்தது என்று அர்த்தமில்லை.

சாதனைப் பட்டியல் எனக்குப் பிடிக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் பங்கர் வாசலைக் குனிந்து கடக்கப் பழகிய பிள்ளை நான். பொஸ்னியப் போரில் சரயேவோ நகரில் பொதுமக்களைச் சினைப்பர்களால் சுட்ட குற்றங்களுக்காக ஸ்தானிஸ்லாவ் காலிச் என்ற தளபதிக்கு 2006 மேன்முறையீட்டில் ஆயுள் தண்டனை விழுந்தது. தூரத்தைப் பேசுகிறவர்கள் இதையும் பேசவேண்டும். குறியின் அழகுதான் வேண்டுமென்றால் துப்பாக்கி சுடும் வீராங்கனை, நம் இளவேனில் வாலறிவனைப் பாருங்கள். பத்து மீற்றர் எயார் ரைபிளில் பத்துப் புள்ளி வட்டம் அரை மில்லிமீற்றர்தான்.

வவுனிக்குளத்தான்:
தங்கச்சி சொன்ன சோடிக் கதை சரி. காட்டுக்கும் தனியாகப் போகமாட்டோம். ஆனால் மாஸ்டர், கணக்கு எல்லாம் சொல்லும் என்றீர்களே. மாரியில் ஈரக் காற்று கனம், குண்டு தாழ விழும். இதைச் சொல்லக் கருவி வேண்டுமா?

கணக்கு மாஸ்டர்:
அண்ணை, ஈரக் காற்று கனமில்லை. நீராவி உலர்ந்த காற்றைவிட இலேசு. மாரியில் குண்டு தாழ்வது குளிரால், குளிர்ந்த காற்று நெருக்கமானது.

வவுனிக்குளத்தான்:
எதனால் என்றாலென்ன, தாழத்தானே விழுகிறது?

கணக்கு மாஸ்டர்:
மழை ஓய்ந்து வெயில் சுடும் ஐப்பசி நாளொன்றில் ஈரமும் இருக்கும், வெக்கையும் இருக்கும். அன்றைக்கு உங்கள் விதிப்படி உயர்த்திப் பிடித்தால் குண்டு தலைக்கு மேலால் போகும். காரணம் தெரிந்தவர் அன்றைக்கு உயர்த்தமாட்டார்.