ஆய்வகத்தில் வளர்த்த குருத்தெலும்பை அழுத்திப் பார்த்தவர்களே, உங்களுக்கு உறுத்துவது எது?

நொய்யல்கரை:
இருபத்தெட்டாம் நாள் வில்லை. அகரோஸ் கூழில் செல்லைக் கலந்து வளர்த்தது, சட்டைப் பொத்தானைவிடச் சிறியது. பத்து சதவீதம் அழுத்தியதும் எழுந்த உச்ச விசையை வைத்து, விறைப்பைச் சொல்லும் குணகம் கணக்கிட்டேன். இயற்கைக் குருத்தெலும்பை நெருங்கிவிட்டோம் என்று அன்றிரவே வழிகாட்டிக்கு எழுதிவிட்டேன். மறுநாள் அவர் முன்னால் அதே சோதனை. வில்லையைச் சுற்றி எஃகுத் தட்டில் இளஞ்சிவப்பு நீர் வளையமாகக் கசிந்து நின்றது; விசைக்கோடு சரிந்துகொண்டே போனது. "சுமையைத் தாங்கியது திசுவா, தண்ணீரா?" என்றார். 1980-இல் வான் மௌ குழுவினர் தந்த, திசுவைத் திடமும் நீரும் சேர்ந்ததாகப் பார்க்கும் இருகட்டக் கோட்பாடு எனக்கு மனப்பாடம். இருந்தும் வாய் திறக்கவில்லை.

மஞ்சள்காடு:
எனக்கு என் அமுச்சி, அம்மாவைப் பெற்றவர். பெருந்துறைப் பக்கம் மஞ்சள் காட்டில் குந்திக் களை எடுத்தே தேய்ந்த முழங்கால். சென்னிமலைப் படிகள் 1320-ஐயும் ஏறியவர், இன்று திண்ணையிலிருந்து எழவே தடி தேடுகிறார். கணினியில் மூட்டுப் பரப்பில் அழுத்தம் சிவப்பாக விரிவதைக் காட்டினேன். திரையைத் தொட்டு, "இதில் எனக்கு வலிக்கிற இடம் எது கண்ணு?" என்றார். குருத்தெலும்பில் நரம்பே கிடையாது. வலி அடியெலும்பிலும் மூட்டுச் சவ்விலும் எழுவது. அதைவிட, நான் கணக்கிட்டது நிற்கிற முழங்கால். குந்திய முழங்கால் என் கணக்கிலேயே இல்லை.

பட்டறைமேடு:
நொய்யல்கரை சொல்வதை ஏற்க முடியவில்லை. நீர் வளையம் கண்ணுக்குத் தெரிந்தது என்றால் வில்லையை உப்புநீரில் மூழ்கவைக்காமலே சோதித்திருக்கிறீர்கள். நடக்கும்போது சுமையில் பெரும்பங்கை உள்ளிருக்கும் நீரின் அழுத்தம்தான் தாங்குகிறது. ஆகவே உச்ச விசை பொய்யல்ல, அதை, விசை அடங்கியபின் எடுக்கும் சமநிலைக் குணகத்தோடு ஒப்பிட்டதுதான் பிழை. விசை அடங்கும்வரை காத்திருங்கள். இரண்டையும் தனித்தனியே எழுதுங்கள். ஊட்டம் வெளியிலிருந்து ஊறுவதால் விளிம்பு கெட்டியாகவும் நடு இளக்கமாகவும் வளரும். ஒரே குணகம் போடாதீர்கள். தட்டு சமமாக இருக்கிறதா என்றும் பாருங்கள். கோவை கணபதியில் கடைந்து வாங்கிய தட்டில் மயிரிழைப் பிசிறு இருந்து, ஆறு வாரம் வளர்த்த வில்லை என் கண்ணெதிரே இரண்டாகப் பிளந்தது.

நொய்யல்கரை:
மூழ்கவைக்கவில்லை, உண்மைதான். இன்று கிண்ணம் வைத்துத் தொடங்கியிருக்கிறேன். ஒரு மணி நேரமாகியும் கோடு இன்னும் இறங்குகிறது. மஞ்சள்காடு, குந்தலுக்கு எத்தனை டிகிரி வைத்தீர்கள்?

மஞ்சள்காடு:
அமுச்சியால் இப்போது குந்த முடியாது. அத்தையைக் களத்தில் குந்தவைத்து அளந்தேன். 150.