பெட்டை முயலின் சிறுநீர் செங்கல் நிறத்தில் வருகிறது: ரத்தமா, தீனியா?

வெள்ளைக்காது:
பெட்டை முயல், கலப்பினம், இரண்டரை வயது, 2.8 கிலோ. கருத்தடை ஆபரேஷன் செய்யவில்லை. நேற்றிலிருந்து தட்டில் விரித்த நியூஸ்பேப்பரில் சிறுநீர் செங்கல் கரைத்தது மாதிரி கிடக்கிறது. அதற்கு முந்தைய வாரம் கெட்டியாக வெள்ளையாக, கரைத்த சுண்ணாம்பு போல வந்து, காய்ந்ததும் தரையில் பொடியாகப் படிந்தது.

தினசரி தீனி: பெல்லட் 80 கிராம், குதிரைமசால் இரண்டு கைப்பிடி, முருங்கைக்கீரை, எப்போதாவது அகத்தி. மூன்று நாளாக பீட்ரூட் தோலும் போட்டோம். தண்ணீர் நிப்பிள் பாட்டிலில். ஓட்டம், புழுக்கை எல்லாம் வழக்கம்போல. பக்கத்து வீட்டில் "பெட்டைதானே, தீட்டாக இருக்கும்" என்கிறார்கள். ரத்தமா இல்லையா என்று வீட்டிலேயே பார்க்க வழி உண்டா? எந்த நிலையில் உடனே தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்?

கூண்டும்புல்லும்:
முதலில் அந்தத் தீட்டுக் கதையை விட்டுவிடுங்கள். முயலுக்கு மாதவிடாயே கிடையாது. ஆணுடன் சேர்ந்த பிறகுதான் கருமுட்டை வெளியாகும். நாய்க்குப் பருவத்தில் ரத்தம் வருவது மாதிரியும் வராது. ஆகவே பெட்டை முயலிடம் உண்மையான ரத்தம் தெரிந்தால், எத்தனை சொட்டாக இருந்தாலும் அது நோய்தான்.

ஆனால் சிவப்பெல்லாம் ரத்தமும் இல்லை. வெளிர் மஞ்சள், ஆரஞ்சு, செம்பழுப்பு, துருநிறம் எல்லாமே நல்ல ஆரோக்கியமான முயலுக்கும் வரும். இலைதழையிலுள்ள நிறமிகளும் உடலில் உருவாகும் போர்பிரின் நிறமிகளும் சிறுநீரில் கலப்பதால் வருவது இது. பீட்ரூட், கேரட், திடீர்த் தீனி மாற்றம், தண்ணீர் குறைவாகக் குடிப்பது, பயம், சில ஆன்டிபயாட்டிக், இவற்றில் எதுவும் காரணமாகலாம். பீட்ரூட் தோலை நிறுத்தினால் நாலைந்து நாளில் நிறம் தெளியும். (வட அமெரிக்காவில் பக்தார்ன் என்ற செடியின் பட்டையைத் தின்ற காட்டு முயல்களின் மூத்திரம் பனியில் வெயில் பட்டதும் நீலமாகிவிடும். அதோடு ஒப்பிட்டால் உங்களுடையது சாதாரணம்.)

நியூஸ்பேப்பரில் பார்த்து முடிவு எடுக்காதீர்கள். மை கலக்கும். தவிர, மஞ்சளாக வந்த சிறுநீரே காற்றும் வெளிச்சமும் பட்டு ஒரு மணி நேரத்தில் ஆரஞ்சாகக் கறுக்கும். மண், உமி எல்லாம் எடுத்துவிட்டு, கழுவிக் காயவைத்த வெள்ளைத் தட்டை மட்டும் அதன் மூலையில் வையுங்கள். போன உடனே பாருங்கள். குட்டை முழுக்க ஒரே சாயமாக, தேநீர் சிந்தினது போல இருந்தால் பெரும்பாலும் நிறமி. மஞ்சள் குட்டைக்குள் சிவப்புத் திட்டு, நூல் போன்ற கோடு, கட்டி, அல்லது கடைசிச் சொட்டு மட்டும் சிவப்பு என்றால் ரத்தம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். சிறுநீர்ப்பைக்குள் கசிந்த ரத்தம் சீராகவும் கலந்து வரும் என்பதால் கண்ணை மட்டும் நம்பக் கூடாது. அதற்கு இரண்டு சோதனைகள்:

ஹைட்ரஜன் பெராக்சைடு. மருந்துக்கடைப் பாட்டில் பெரும்பாலும் 6 சதவீதம், அதில் சம அளவு தண்ணீர் கலந்தால் 3 சதவீதம். ஊசியில்லாத சிரிஞ்சில் எடுத்த புதுச் சிறுநீர் அரை மில்லியின் மேல் இரண்டு மூன்று சொட்டு விடுங்கள். வெள்ளையாக நுரைத்துப் பொங்கினால் ரத்தம் இருக்க வாய்ப்பு அதிகம். கிருமி நிறைய இருந்தாலும் நுரைக்கும். நுரைக்காவிட்டால் ரத்தமே இல்லை என்று அர்த்தம் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

யூரின் ஸ்ட்ரிப் (சிறுநீரில் நனைத்தால் நிறம் மாறும் பட்டை). மனிதர்களுக்கு விற்கும் பத்துக் கட்டம் உள்ளதே போதும். நனைத்து உடனே எடுத்து, ரத்தக் கட்டத்தை 60 விநாடியில் படியுங்கள். இதுதான் இரண்டில் நம்பகமானது. லேபில் மைக்ரோஸ்கோப்பில் சிவப்பணுக்களைப் பார்த்துவிட்டால் சந்தேகமே மிச்சமில்லை.

முயல்வைத்தியம்:
மேலே சொன்னது சரி. ஆனால் உங்கள் விஷயத்தில் சோதனை சுத்தமாக வந்தாலும் நான் பாதிதான் நிம்மதி அடைவேன். காரணம், கருத்தடை செய்யாத பெட்டை. 3 வயதைத் தாண்டினால் கர்ப்பப்பைப் புற்று வேகமாகக் கூடும். சில இனங்களில் 4 வயது கடந்த பெட்டைகளில் பாதிக்கு மேல் அது வரும் என்பது கால்நடை மருத்துவத்தில் பழைய செய்தி. முதல் அடையாளம் பெரும்பாலும் இந்தச் சிவப்புதான். அதுவும் தினமும் வராது. ஒரு நாள் சொட்டும், பத்து நாள் நின்றுவிடும், வீட்டில் "சரியாகிவிட்டது" என்று விட்டுவிடுவார்கள். கர்ப்பப்பைச் சுவரில் ரத்தக்குழாய் வீங்கி வெடித்தால் ஒரே நாளில் கட்டி கட்டியாகக் கொட்டுவதும் உண்டு. அப்போது காத்திருக்க நேரமே இல்லை.

ஸ்ட்ரிப்பில் ரத்தம் வந்தால் வயிற்று அல்ட்ராசவுண்ட் கேளுங்கள். கர்ப்பப்பை தடித்திருந்தால் ஆபரேஷனுக்கு முன்னால் மார்பு எக்ஸ்ரேயும் அவசியம், ஏனென்றால் இந்தப் புற்று நுரையீரலுக்குப் போகும். ஒன்றும் இல்லையென்றாலும் இந்த வயதிலேயே கருத்தடை செய்துவிடுவது நல்லது. 5–6 மாதத்திலேயே செய்திருக்கலாம். இப்போதும் தாமதமில்லை.

சென்னையில் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. வேறு ஊரென்றால், முயலுக்கு மயக்க மருந்து கொடுத்துப் பழகியவரா என்று கேட்டுவிட்டுப் போங்கள். இதில் கூச்சம் வேண்டாம். ஆபரேஷனுக்கு முன் முயலைப் பட்டினி போடக் கூடாது. அதற்கு வாந்தி வராது, பட்டினி போட்டால் குடல்தான் நின்றுபோகும். "முதல் நாள் இரவிலிருந்து ஒன்றும் கொடுக்காதீர்கள்" என்று சொன்னால் இதை நினைவூட்டுங்கள்.

சுண்ணாம்புத்தட்டு:
எல்லோரும் சிவப்பைப் பார்த்துப் பயப்படுகிறீர்கள். உங்கள் பதிவில் எனக்கு உறுத்துவது அந்த வெள்ளை.

மற்ற பாலூட்டிகள் தேவையான கால்சியத்தை மட்டும் குடலில் உறிஞ்சும். முயல் தீனியில் இருப்பதில் பெரும்பகுதியை உறிஞ்சிவிட்டு, மிச்சத்தைச் சிறுநீர் வழியாகத் தள்ளும். அதனால் லேசான கலங்கல் இயல்பு. தரையில் காய்ந்த வெள்ளையில் இரண்டு சொட்டு வினிகர் விட்டுப் பாருங்கள், புசுபுசுவென்று குமிழ் வரும். கால்சியம் கார்பனேட் அது, சுண்ணாம்புக்கல்லைப் போன்றதுதான். பற்பசை மாதிரி பிசுபிசுப்பாக, கயிறு கயிறாக வந்தால் சிறுநீர்ப்பையின் அடியில் சகதி தங்குகிறது என்று அர்த்தம். மேலே தெளிந்த நீர் மட்டும் வெளியேறி, சகதி உள்ளேயே கெட்டியாகும், கல்லாகவும் மாறும். எக்ஸ்ரேயில் வெள்ளையாகப் பளிச்சென்று தெரியும். சகதியை மயக்கத்தில் டியூப் வழியாகக் கழுவி எடுக்கலாம். கல் தீனியால் கரையாது, ஆபரேஷன்தான். வாழைத்தண்டுச் சாற்றைச் சிரிஞ்சில் பீய்ச்சாதீர்கள், மூச்சுக்குழாயில் போய்விடும். நீர்க்கடுப்புக்கு நாம் குடிக்கும் சிட்ரேட் சிரப்பும் வீண். அது சிறுநீரைக் காரமாக்குவதற்கு, முயல் சிறுநீரோ ஏற்கெனவே காரம், பிஎச் 8–9.

இதற்கு நேரெதிராக, வளர்ந்த முயலுக்குச் சிறுநீர் திடீரென்று தண்ணீர் போலத் தெளிந்தாலும் கவனியுங்கள். குட்டிகளுக்கும் சினை, பால்கொடுக்கும் பெட்டைக்கும் அது இயல்பு, கால்சியம் எலும்புக்கும் பாலுக்கும் போகிறது. மற்றவற்றுக்கு, சாப்பிடாமல் இருக்கிறது அல்லது சிறுநீரகம் பழுது என்று பொருள்.

உங்கள் தீனிப்பட்டியலே பிரச்சினை. 100 கிராமில் அகத்தியில் 1130 மில்லிகிராம் கால்சியம், முருங்கைக்கீரையில் 440. குதிரைமசாலும் கால்சியக் குவியல். இத்தனையும் ஒரே வாரத்தில் போட்டுவிட்டு வெள்ளையாக வருகிறதே என்றால் எப்படி? அருகம்புல், கோ-4 போன்ற புல் அல்லது திமோதி ஹே (உலர்த்திய புல்) நாள் முழுக்க வேண்டுமளவு இருக்கட்டும். குதிரைமசால் ஆறு மாதம் வரையிலான குட்டிக்கு. பெல்லட் கிலோவுக்கு 20–25 கிராம் கணக்கில் உங்களுடையதற்கு 60 போதும், பத்து நாளில் படிப்படியாகக் குறையுங்கள். கறிக்கு வளர்க்கும் பண்ணைத் தீவனம் சீக்கிரம் எடை ஏற்றுவதற்காகச் செய்தது, வீட்டு முயலுக்கு அது ஆகாது. கூண்டில் தொங்கும் தாது உப்புக் கட்டியைக் கழற்றுங்கள். கால்சியத்தை அடியோடு வெட்டிவிடவும் வேண்டாம், பல்லும் எலும்பும் கெடும். கீரையாகக் கொத்தமல்லி, புதினா ஒரு கைப்பிடி கொடுங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம் தண்ணீர். நிப்பிளில் நக்கி நக்கிக் குடிப்பதைவிடக் கனமான மண்சட்டியில் அதிகமாகக் குடிக்கும். நாளுக்குக் கிலோவுக்கு 50 முதல் 150 மில்லி, அதாவது உங்களுக்கு 140 முதல் 420 வரை. வெயில் காலத்தில் நாளுக்கு இரண்டு முறை தண்ணீரை மாற்றுங்கள். கீரையைக் கழுவி ஈரத்தோடேயே வையுங்கள்.

வெள்ளைக்காது:
நன்றி. பீட்ரூட், அகத்தி, குதிரைமசால் நிறுத்தம். வெள்ளைத் தட்டில் ஒரே சீரான துருநிறம், திட்டு இல்லை. பெராக்சைடு நுரைக்கவில்லை. ஸ்ட்ரிப்பில் ரத்தம் இல்லை, பிஎச் 9, ஆனால் புரதம் ++ காட்டுகிறது. சிறுநீரகக் கோளாறா?

முயல்வைத்தியம்:
இல்லை, அந்தக் கட்டத்தை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். சிறுநீர் இவ்வளவு காரமாக இருந்தால் புரதக் கட்டம் பொய்யாகப் பச்சையாகும். முயல்களிடம் இது அடிக்கடி நடக்கும். ஒரு நெகட்டிவை மட்டும் வைத்து ரத்தக் கேள்வியை மூடவும் கூடாது. அடுத்த மூன்று நாள் தினமும் ஒரு தடவை, பிறகு வாரம் ஒரு முறை என்று ஒரு மாதம் பாருங்கள். நிறம் ஒரு வாரத்தில் போகாவிட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

அதற்குள் கீழே சொன்னதில் ஒன்று வந்தாலும் அன்றே ஓடுங்கள், இரவென்றால் இரவே: வாலைத் தூக்கி முக்குகிறது, சொட்டுதான் வருகிறது அல்லது ஒன்றுமே வரவில்லை. முதுகைக் கூனிப் பல்லை நறநறவென்று கடிக்கிறது. 12 மணி நேரமாகச் சாப்பிடவில்லை அல்லது புழுக்கை போடவில்லை. ரத்தக்கட்டி தெரிகிறது. பின்பக்கம் எந்நேரமும் நனைந்து, தோல் சிவந்து, முடி உதிர்கிறது. கடைசியதை வெறும் அசுத்தம் என்று விடாதீர்கள், ஈ முட்டையிட்டால் ஒரே நாளில் புழு வைத்துவிடும்.

வீட்டில் இருக்கும் அமோக்சிசிலின் மாத்திரையைப் பொடித்துக் கொடுத்துவிடாதீர்கள். வாய்வழிப் பென்சிலின் வகை முயலின் குடல் கிருமிகளை நாசம் செய்து ஆளையே கொன்றுவிடும். போகும்போது ஒரு மணி நேரத்துக்குள் பிடித்த சிறுநீரைச் சுத்தமான மூடிபோட்ட டப்பாவில் கொண்டுபோங்கள், தாமதமானால் ஃப்ரிட்ஜில் வைத்து. ரத்தப் பரிசோதனையில் கால்சியம் 14 மி.கி./டெ.லி. என்று வந்து லேப் சிவப்பு மையில் கோடிட்டால் பதற வேண்டாம். நமக்கு 8.5–10.5, முயலுக்கு 13–15 இயல்பு.