டிஏபி வானொலியில் இசை தட்டையாக ஒலிக்கிறது: டியூனரை மாற்றினால் சரியாகுமா?

குரோய்டன்வாசி:

அனைவருக்கும் வணக்கம். தெற்கு லண்டனில் குரோய்டன் பகுதியில் குடியிருக்கிறோம். வரவேற்பறையில் இருந்த பழைய எஃப்எம் டியூனர் பழுதாகிப் போனதால், அதன் இடத்தில் டிஏபி என்ற டிஜிட்டல் வானொலி, அதன் புதிய வடிவமான டிஏபி பிளஸ், எஃப்எம் மூன்றையும் பெறக்கூடிய புதிய டியூனர் ஒன்றைக் கடையில் வாங்கி, அதே ஆம்ப்ளிஃபையரிலும் அதே ஸ்பீக்கர்களிலும் இணைத்திருக்கிறேன். கரகரப்பு அறவே இல்லை, நிலையங்களும் ஏராளமாகக் கிடைக்கின்றன. ஆனால் இசை கேட்க உட்கார்ந்தால் ஏதோ குறைகிறது. வயலின்களின் மேல் சுரங்கள் மங்கியும், இடது வலது என்ற விரிவு சுருங்கியும் கேட்கிறது. அதிலும் நான் அதிகம் கேட்கும் ஒரு வணிக இசை நிலையத்தில் கைத்தட்டல் வரும்போது, சூடான எண்ணெயில் வடை மாவு விழுந்தது போன்ற சடசடப்புத்தான் காதில் விழுகிறது. ஆம்ப்ளிஃபையரில் குறுந்தகடு போட்டால் தம்புராவின் சுருதிகூடத் துல்லியமாகக் கேட்பதால், கோளாறு வேறெங்கும் இல்லை என்று நினைக்கிறேன். முந்நூறு பவுண்டுக்குள் இதைவிடத் தரமான டியூனர் வாங்கினால் ஒலி மேம்படுமா? அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

அலைநீளம்:

வணக்கம் ஐயா. புதிய டியூனருக்குப் பணம் செலவழிப்பதற்கு முன் இரண்டு செய்திகள் தெரிய வேண்டும். தகவல் பொத்தானை அழுத்திக்கொண்டே போனால், அந்த நிலையம் நொடிக்கு எத்தனை கிலோபிட் தரவாக வருகிறது, டிஏபியா டிஏபி பிளஸ்ஸா, ஸ்டீரியோவா மோனோவா என்பதைப் பெரும்பாலான பெட்டிகள் திரையிலேயே காட்டும். அதே வரிசையில் சமிக்ஞையின் தரமும் பிழை அளவும் தெரியும். உங்களை வருத்தும் நிலையத்துக்கும் செவ்வியல் இசை நிலையமான பிபிசி ரேடியோ 3க்கும் இந்த விவரங்களைத் தனித்தனியாகப் பார்த்து எழுதுங்கள்.

ஏன் கேட்கிறேன் என்றால், வாங்கும் சமிக்ஞை பலவீனமாக இருந்தால் வரும் குறையும், அனுப்பும்போதே ஒலியை நெருக்கியதால் வரும் குறையும் காதுக்கு வேறு வேறாகக் கேட்கும். பழைய டிஏபியில் சமிக்ஞை குன்றினால் சேற்றுக்குள் குமிழி வெடிப்பது போன்ற களக் களக் ஓசை வரும். டிஏபி பிளஸ்ஸில் பிழை திருத்தும் முறை வலுவானது என்பதால், ஓர் எல்லைவரை ஒன்றும் தெரியாமல் பாடிக்கொண்டிருந்துவிட்டு, அந்த எல்லையைத் தாண்டியதும் பாட்டு துண்டு துண்டாக அறுந்து மௌனமாகிவிடும். இடைவிடாமல் பாடியபடியே மங்கலாக ஒலிப்பது இவ்விரண்டிலும் சேராது. கிரிஸ்டல் பேலஸ் ஒலிபரப்புக் கோபுரம் உங்களுக்கு வடக்கே சில மைல் தொலைவில்தான் இருக்கிறது என்பதால், சமிக்ஞை குறைவு என்ற ஐயமே எனக்கு எழவில்லை.

குரோய்டன்வாசி:

மிக்க நன்றி. பார்த்துவிட்டேன். சமிக்ஞை இரண்டிலும் முழு அளவில் இருக்கிறது, பிழை அளவு பூச்சியம். வணிக நிலையம் டிஏபி பிளஸ், 32 கிலோபிட், ஸ்டீரியோ என்று காட்டுகிறது. ரேடியோ 3 டிஏபி. அதன் எண் இதைவிடப் பல மடங்கு அதிகம். நீங்கள் சொன்ன பிறகு இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்டேன். ரேடியோ 3 உண்மையிலேயே நன்றாகத்தான் இருக்கிறது. என் மனக்குறை பெரும்பாலும் மற்றதைப் பற்றியதுதான். அப்படியானால் 32 கிலோபிட் ஒலியைச் செம்மையாக விரித்துத் தரக்கூடிய உயர்தர டியூனர் ஏதும் இல்லையா? ஆப்டிகல் வெளியீட்டில், டிஜிட்டல் எண்களை ஒலியாக மாற்றும் டிஏசி கருவி ஒன்றைத் தனியாக இணைத்தால் பயன் உண்டா?

அலைநீளம்:

இல்லை ஐயா. டியூனர் எவ்வளவு விலை உயர்ந்ததாயினும், நிலையம் அனுப்பும்போதே கழித்துவிட்டதைத் திரும்ப உண்டாக்க இயலாது. பிரித்தெடுத்த எண்களை நேர்த்தியாக ஒலியாக்குவது மட்டுமே டிஏசியின் வேலை. எண்களில் இல்லாததை அது சேர்க்காது.

32 கிலோபிட்டில் நடப்பது இதுதான். டிஏபி பிளஸ் பயன்படுத்தும் ஒலி நெருக்க முறை எச்இ-ஏஏசி. இவ்வளவு குறைந்த அளவில் அது மேல் சுரங்களை அப்படியே அனுப்புவதில்லை. கீழ்ப்பகுதியை மட்டும் அனுப்பி, மேல்பகுதி எப்படி இருந்தது என்ற சிறு குறிப்பைச் சேர்த்துவிடுகிறது. உங்கள் பெட்டி கீழ்ப்பகுதியை நகலெடுத்து, அக்குறிப்பின்படி மேல்பகுதியைப் புனைந்துகொள்கிறது. ஸ்டீரியோவும் அப்படியே: ஒரே தடமும், எந்த ஒலி எந்தப் பக்கம் சாய்ந்தது என்ற விவரிப்பும் மட்டுமே வருகின்றன. பேச்சுக்கும், சமையலறையில் ஒலிக்கும் சிறு பெட்டிக்கும் இது போதும், அந்த வகையில் வியக்கத்தக்க நுட்பமும்கூட. ஆனால் கைத்தட்டல், ஜால்ரா, ஹார்ப்சிகார்டு போன்று கணத்துக்குக் கணம் சிதறும் ஒலிகளைப் புனைந்து காட்டும்போது சாயம் வெளுத்துவிடும். நீங்கள் கேட்ட சடசடப்பு அதுதான்.

இதன் பின்னணியில் இருப்பது இடப் பற்றாக்குறையும் வாடகையும். பல நிலையங்களை ஒன்றாகச் சேர்த்து அனுப்பும் மல்டிபிளெக்ஸ் என்பது 1.536 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள ஒரே அலைப்பட்டை. வழக்கமான பிழைப் பாதுகாப்புடன் அதில் ஏறத்தாழ 1152 கிலோபிட் ஏற்றலாம். 128 கிலோபிட் வீதம் கொடுத்தால் ஒன்பது நிலையங்கள், 32 வீதம் கொடுத்தால் முப்பத்தாறு. ஒவ்வொரு நிலையமும் தான் எடுத்துக்கொள்ளும் இடத்துக்கேற்ப வாடகை செலுத்துகிறது. பிபிசி 1995இல் டிஏபி ஒலிபரப்பைத் தொடங்கியபோது இருந்தது எம்பி2 என்ற பழைய முறை மட்டுமே. அதில் ஸ்டீரியோ இசைக்கு 192 கிலோபிட்டாவது வேண்டும் என்பது ஒலிப் பொறியாளர்கள் பலரின் கருத்து. ரேடியோ 3க்கு அந்த அளவு தரப்பட்டது. ஒருமுறை அதை 160ஆகக் குறைத்தபோது நேயர்கள் கடுமையாக எதிர்த்து எழுதினார்கள். பிற நிலையங்களுக்கு 128 வந்தது, சிலவற்றுக்கு 80, 64 என்று மோனோவாகவும் சுருங்கியது. 2007இல் டிஏபி பிளஸ் வந்தபோது, அதே இடத்தில் ஒலி சிறக்கும் என்று என்னைப் போன்றோர் எதிர்பார்த்தோம். நுட்பத்தில் குறையில்லை, அது தந்த ஆதாயத்தை ஒலிக்குச் செலவிடாமல் கூடுதல் நிலையங்களுக்குச் செலவிட்டுவிட்டார்கள்.

பண்பலைப்பித்தன்:

இத்தனை விளக்கமும் எதற்கு? நல்ல எஃப்எம் டியூனரும் கூரையில் ஓர் ஏரியலும் இருந்தால் இந்தக் கவலையே இல்லை. கெண்ட் மாவட்டத்தின் ரூட்டம் கோபுரத்திலிருந்து ரேடியோ 3 91.3 மெகாஹெர்ட்ஸில் வருகிறது. நண்பரே, அதை குவாட் எஃப்எம்4 என்ற பழைய டியூனரில் கேட்டுப் பாருங்கள், பிறகு டிஏபி பக்கமே திரும்ப மாட்டீர்கள். பழைய பொருள் விற்கும் இடங்களில் அது உங்கள் தொகைக்குள் கிடைக்கும். வால்வு பொருத்திய லீக் டிரஃப்லைன் டியூனரைத் தேடிப் போவதானால், அவற்றில் பல மோனோ என்பதையும், ஸ்டீரியோ டிகோடர் பிறகு பொருத்தப்பட்டதா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

அலைநீளம்:

பித்தன் சொல்வதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். எஃப்எம்மில் 15 கிலோஹெர்ட்ஸ் வரைதான் ஒலி போகும் என்றாலும், அதற்குள் வருவது புனைந்தது அல்ல. ஆயினும் ஸ்டீரியோ எஃப்எம் மோனோவைவிடப் பல மடங்கு வலுவான சமிக்ஞையை எதிர்பார்க்கிறது. கட்டடங்களில் பட்டுத் திரும்பும் அலைகள் சேர்ந்தால் வயலின் கரகரக்கும். கூரை ஏரியல் இல்லாமல் பின்புறம் தொங்கும் கம்பியை வைத்துக்கொண்டு குவாட் வாங்குவது வீண். மேலும் இவர் வருந்தும் நிலையம் எஃப்எம்மில் இருக்கிறதா என்பதே கேள்வி. எஃப்எம் நாளையே மூடப்படும் என்ற அச்சம் வேண்டாம். நார்வே 2017இல் தேசிய எஃப்எம் ஒலிபரப்பை நிறுத்தியது உண்மையே, ஆனால் பிரிட்டனில் குறைந்தது 2030 வரை அது தொடரும் என்று அரசே அறிவித்திருக்கிறது.

சுருதிசுத்தம்:

வணக்கம் அண்ணா. தேடுவது டியூனரா, நல்ல ஒலியா? எனக்கென்னவோ இரண்டாவது என்றுதான் தோன்றுகிறது. எங்கள் வீட்டில் ஆம்ப்ளிஃபையருடன், இணைய ஒலியைப் பெற்றுத் தரும் ஸ்ட்ரீமர் ஒன்றை இணைத்து, வானொலியை இணையம் வழியாகவே கேட்கிறோம். பிபிசி நிலையங்கள் நாட்டுக்குள் 320 கிலோபிட் ஏஏசியாகக் கிடைக்கின்றன. 2010ஆம் ஆண்டு புரோம்ஸ் (Proms) இசை விழாவின்போது ரேடியோ 3இல் சோதனையாகத் தொடங்கியது அது. ராயல் ஆல்பர்ட் அரங்கிலிருந்து நேரலையாக வரும் கச்சேரியை அப்படிக் கேட்டுவிட்டு டிஏபிக்கு மாற்றினால், அரங்கின் காற்றையே யாரோ உறிஞ்சிவிட்டது போலிருக்கும். வணிக நிலையங்கள் பலவும் இணையத்தில் தங்கள் டிஏபி அளவைவிட அதிகமாகத்தான் தருகின்றன. உங்கள் நிலையத்தை அவர்களுடைய செயலியில் கைபேசியில் திறந்து, ஒரு கம்பியால் ஆம்ப்ளிஃபையரில் இணைத்துக் கேட்டுப் பாருங்கள். செலவில்லாத சோதனை இது.

வாங்கும்போது ஒரே ஓர் எச்சரிக்கை. இணைய வானொலிப் பெட்டிகளில் பழையவற்றைக் குறைந்த விலைக்குத் தருவார்கள். பிபிசி தன் பழைய ஸ்ட்ரீம்களை 2023இல் நிறுத்தியபோது, புதிய எச்எல்எஸ் முறை அறியாத பெட்டிகளில் பிபிசியே கேட்காமல் போயிற்று. பழைய டிஏபி டியூனர்களிலும் இதே சிக்கல் உண்டு. கேம்பிரிட்ஜ் ஆடியோ அசூர் 640டி, பியூர் டிஆர்எக்ஸ்-701இஎஸ் ஆகியவை தம் காலத்தில் பேர் பெற்றவை, ஆனால் டிஏபி பிளஸ் அறியாதவை. இன்று அவற்றில் வணிக நிலையங்களில் பாதிக்கு மேல் வராது.

குரோய்டன்வாசி:

கைபேசிச் சோதனையைச் செய்து பார்த்தேன். அதே நிலையம், அதே பாட்டு, அதே ஸ்பீக்கர்கள். வேறுபாட்டை என் மனைவி அடுத்த அறையிலிருந்தே சொல்லிவிட்டார். ஆகவே இருக்கும் டியூனரை வைத்துக்கொண்டு, முந்நூறு பவுண்டை ஸ்ட்ரீமருக்குச் செலவிட முடிவு செய்திருக்கிறேன். பித்தன் ஐயா சொன்ன எஃப்எம்மையும் விட்டுவிட மனமில்லை, என் டியூனரிலேயே எஃப்எம் இருக்கிறதே. மேல்மாடத்தில் ஓர் ஏரியல் வைத்தால் டிஏபி, எஃப்எம் இரண்டுக்கும் அதுவே போதுமா?

பண்பலைப்பித்தன்:

போதாது நண்பரே. டிஏபி அலைகள் இங்கே செங்குத்தாக அனுப்பப்படுகின்றன. பிபிசியின் தேசிய மல்டிபிளெக்ஸ் 12பி என்ற அலைவரிசையில், அதாவது 225.648 மெகாஹெர்ட்ஸில் வருகிறது. அதற்குரிய அரை அலை ஏரியல் ஏறத்தாழ 63 சென்டிமீட்டர் நீளம். எஃப்எம்முக்கு அது ஒன்றரை மீட்டர் அளவில் வேண்டும். உங்கள் வீட்டில் டிஏபி ஏற்கெனவே முழு அளவில் வருவதால் அதைத் தொட வேண்டாம். மேல்மாடத்தில் எஃப்எம் டைபோல் எனும் நேர்கம்பி ஏரியல் ஒன்றை மட்டும் கட்டி, அதன் நீளவாட்டம் வடக்கு தெற்காக இருக்கும்படி வையுங்கள். ரூட்டம் உங்களுக்குக் கிழக்கே இருப்பதால் அகன்ற பக்கம் அதை நோக்கியிருக்க வேண்டும். நல்ல கவசமுள்ள கோஆக்சியல் கேபிளை இறக்குங்கள். மின்கம்பி வழியே இணையம் கடத்தும் அடாப்டர்களுக்கும் மலிவான எல்இடி விளக்குகளின் மின்மாற்றிகளுக்கும் அருகே அது போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். டியூனரின் பின்னால் ஏரியலுக்கு ஒரே துளைதான் இருக்கிறதா, இரண்டா? ஒன்றுதான் என்றால் இரண்டு ஏரியல்களையும் சேர்க்க ஒரு டிப்ளெக்சர் வேண்டும்.

குரோய்டன்வாசி:

இரண்டு இருக்கின்றன. ஒன்று திருகும் எஃப் வகை, மற்றது பழைய டிவி ஏரியல் செருகும் வகை.

பண்பலைப்பித்தன்:

அப்படியானால் டிப்ளெக்சர் தேவையில்லை. பெரும்பாலும் திருகும் வகை டிஏபிக்கும் செருகும் வகை எஃப்எம்முக்கும் இருக்கும். பின்பலகையில் அச்சிட்டிருப்பதைப் பார்த்து மாட்டிவிட்டு, 91.3இல் ஸ்டீரியோ விளக்கு நிலையாக எரிகிறதா என்று எழுதுங்கள்.