புதுப்பிப்பு: அம்மாவின் இடுப்பு மூட்டு மாற்று ஆபரேஷனும் கால் நீளமும்

அம்மாவின் இடது கால் குட்டையாகத் தெரிகிறதே, மூட்டு மாற்றும்போதே சரியாகுமா என்று முன்பு கேட்டிருந்தேன். டாக்டரைப் பார்த்தாயிற்று. அம்மாவை நிற்கவைத்து, பாதத்தின் கீழ் மரக்கட்டைகளை அடுக்கி, இடுப்பு சமமாகும்வரை அளந்தார். 2 செ.மீ. குறைகிறது. அதில் கொஞ்சம் மூட்டுத் தேய்மானத்தால். மீதி, தசை இறுகி இடுப்பெலும்பு சாய்ந்ததால் வரும் தோற்றம். எக்ஸ்ரேயை வைத்தே செயற்கை மூட்டின் சைஸை முன்கூட்டித் திட்டமிடுவார்களாம். ஆனால் மில்லிமீட்டர் சுத்தமாக வாக்குத் தரமாட்டேன், மூட்டு நழுவாமல் இருப்பதுதான் முக்கியம் என்றார். இப்படி உடைத்துப் பேசியது எனக்குப் பிடித்தது. ஆபரேஷனுக்குப் பின் கொஞ்ச காலம் கால் நீண்டதுபோலத் தோன்றலாம், அவசரப்பட்டு மற்றக் கால் செருப்பின் அடியை உயர்த்த வேண்டாமாம்.

அப்புறம், முதலில் பல் டாக்டரிடம் போகச் சொன்னார். சொத்தைப் பல்லின் கிருமி புது மூட்டுக்குப் போய்விடக் கூடாதே! கழிப்பறைக்கு உயரமான இருக்கையும் வாங்கியாச்சு.