ஆட்டுக்குட்டிகளுக்கு மூலிகைப் பொடி: யாருக்கு என்ன நடந்தது?

முதல் பதிவு

எட்டு வார வயதில் 14 குட்டிகளைத் தாயிடமிருந்து பிரித்தேன். மூன்றாம் நாளே புழுக்கை உருண்டையாக விழாமல் களியாக விழத் தொடங்கியது. நான்கு குட்டிகள் தீவனத் தொட்டிப் பக்கமே வரவில்லை. பூண்டு, ஓமம், சுக்கு, மஞ்சள் நான்கையும் உலர்த்தி இடித்து அடர்தீவனத்தில் கலந்து வைத்தேன். பத்து நாளில் புழுக்கை உருண்டு கெட்டிப்பட்டது. பொடி பிடித்துவிட்டது என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

அடுத்த ஈற்றில் ஒரு சந்தேகம் வந்து குட்டிகளை இரண்டு அடைப்பாகப் பிரித்தேன். ஒன்றுக்குப் பொடி, மற்றதற்கு வெறும் தீவனம். ஆனால் இந்த முறை இரண்டு அடைப்புக் குட்டிகளுக்குமே இரண்டு வார வயதிலிருந்து ஒரு கைப்பிடி தீவனமும் நல்ல காய்ந்த புல்லும் தனியாக வைத்துப் பழக்கியிருந்தேன். பால் நிறுத்தியபோது இரு பக்கமும் கழிச்சல் இல்லை. புழுக்கையை விரலால் நசுக்கிக்கூடப் பார்த்தேன், ஒரே மாதிரிதான் இருந்தது. பொடி போட்ட தொட்டியில் மட்டும் முதல் இரண்டு நாள் குட்டிகள் மோந்து பார்த்துத் தும்மிவிட்டு விலகின. அவ்வளவுதான் வேறுபாடு.

அப்படியானால் போன முறை குணப்படுத்தியது பொடியா, அந்தப் பத்து நாளா? உங்களுக்கு நடந்ததை எழுதுங்கள்.

மறுமொழி 1

நீங்கள் தீவனத்தில் கலந்தீர்கள், தப்பித்தீர்கள். நான் வாயில் ஊற்றினேன்.

பத்து நாள் குட்டி, வயிறு லேசாக உப்பியிருந்தது. வேப்பிலைச் சாறும் பூண்டும் அரைத்து, தலையை நன்றாக அண்ணாந்து பிடித்து, புட்டியால் ஊற்றினேன். கசப்பு தாங்காமல் குட்டி கத்தியது. கத்துகிற வாயில் ஊற்றினால் நீர் எங்கே போகும் என்று அப்போது தோன்றவில்லை. மாலையில் மூக்கில் நுரை, இருமல். மறுநாள் விடியலில் குட்டி இல்லை. சாறு நுரையீரலுக்குப் போயிருந்தது. செரிமானத்துக்கு மருந்து கொடுக்கப் போய் மூச்சை நிறுத்தினேன் என்பதை இன்றும் என்னால் சாதாரணமாகச் சொல்ல முடியவில்லை.

பிறகுதான் தெரிந்துகொண்டேன். அந்த வயதில் குட்டி குடிக்கும் பால், ஆட்டின் நான்கு இரைப்பைகளில் முதல் இரைப்பைக்குப் போவதே இல்லை. உணவுக்குழாய் முடியும் இடத்தில் ஒரு மடிப்பு குழாய் போல மூடிக்கொண்டு, பாலை நேரே நான்காம் இரைப்பையில் சேர்க்கிறது. முதல் இரைப்பை அப்போது வெறும் சுருங்கிய பை. அசைபோடாத குட்டிக்கு அசைபோட வைக்கும் சூரணம் எதற்கு?

மறுமொழி 2

கால்நடை மருத்துவமனையில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்ற முறையில் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

முதல் இரைப்பையை வளர்ப்பது மூலிகை அல்ல, தீவனம். குட்டி கடிக்கும் தானியமும் புல்லும் அங்கே நொதித்து அமிலங்களாகின்றன. அவற்றில் பியூட்டிரிக் அமிலம்தான் இரைப்பையின் உட்சுவரில் சிறு துய்கள் முளைத்து நீளத் தூண்டுகிறது. சத்தை உறிஞ்சுவது அந்தத் துய்கள். அதனால்தான் முதல் பதிவு எழுதியவரின் இரண்டாம் ஈற்றுக் குட்டிகள் தடுமாறவில்லை.

அதற்காக மூலிகை வெறும் நம்பிக்கை என்று சொல்லமாட்டேன். ஓமத்தில் இருக்கும் தைமால் என்ற வாசனைப் பொருளும் பூண்டின் காரமும் நுண்ணுயிர்களை அடக்கக்கூடியவை. ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஜனவரி முதல் வளர்ச்சிக்காகத் தீவனத்தில் ஆன்டிபயாடிக் சேர்ப்பதை நிறுத்திய பிறகு இவற்றின் மீது ஆராய்ச்சியாளர்களின் கவனமும் கூடியது. சிக்கல் என்னவென்றால், கண்ணாடிக் குடுவையில் தெரியும் பலன் ஆட்டின் வயிற்றில் அப்படியே தெரிவதில்லை. உள்ளே இருக்கும் நுண்ணுயிர்கள் சில வாரங்களில் பழகிக்கொள்வதும் உண்டு. அளவு கூடினால் கெடுதலைச் செய்யும் நுண்ணுயிரோடு நாரைச் செரிக்கும் நுண்ணுயிரும் அடிபடும்.

எனக்கு அதிகம் பயம் தருவது துவர்ப்புப் பொருட்கள். ஒரு பட்டியில் இரண்டு மாதக் குட்டிகளுக்குக் கழிச்சல். மாதுளை ஓட்டை வேகவைத்து ஐந்து நாள் கொடுத்திருக்கிறார்கள். கழிச்சல் கொஞ்சம் கட்டியதும் குணமென்று நினைத்துவிட்டார்கள். எங்களிடம் கொண்டுவந்தபோது வாலடியில் இரத்தம் காய்ந்திருந்தது, கண்ணின் உள்ளிமை வெள்ளைத்தாள் போல வெளுத்திருந்தது. சாணத்தை நுண்ணோக்கியில் வைத்தால் எய்மீரியா என்ற குடல் ஒட்டுண்ணியின் முட்டைகள் அப்பிக் கிடந்தன. இரத்தக் கழிச்சல். இரண்டு குட்டிகள் பிழைக்கவில்லை. மாதுளை ஓடு அவற்றைக் கொல்லவில்லை. அந்த ஐந்து நாள்தான் கொன்றது.

மறுமொழி 3

சுருக்கமாக ஒன்று. பையில் ‘மூலிகை’ என்று போட்டிருந்தால் மறுபக்கத்தையும் படியுங்கள். மாட்டுக்கான செரிமானப் பொடியை என் செம்மறிக் குட்டிகளுக்குப் பல வாரம் போட்டேன். அதில் தாது உப்பும் கலந்திருந்தது, தாமிரம் உட்பட. செம்மறியின் கல்லீரல் தாமிரத்தைச் சேர்த்துக்கொண்டே போகும், எளிதில் வெளியேற்றாது. ஒரு நாள் திடீரென்று ஒரு குட்டியின் கண் மஞ்சளாகி, சிறுநீர் கருஞ்சிவப்பாகப் போனது. அதைக் காப்பாற்ற முடியவில்லை. மூலிகையைக் குறை சொல்லவில்லை, படிக்காத என்னைத்தான்.

முதல் பதிவு எழுதியவர்

வெறும் வெந்தயத்தைக் கொஞ்சமாகக் கலந்து வைத்தபோது பசி மந்தமான குட்டிகள் தொட்டிக்கு வந்ததையும் நான் பார்த்திருக்கிறேன். வாசனைக்காக வந்தனவோ என்னவோ. அதனால் பொடி டப்பாவைத் தூக்கி எறியவில்லை, மேல் தட்டுக்கு ஏற்றிவிட்டேன். தீவனம் மாற்றும்போது பழையதில் புதியதைச் சிறிது சிறிதாகக் கலந்து பத்து நாள் எடுத்துக்கொள்கிறேன்.

நேற்று மாலை ஒரு பெட்டைக் குட்டி தொட்டிக்கு வரவில்லை. பழைய ஆளாக இருந்தால் கை மேல் தட்டுக்குப் போயிருக்கும். வாலைத் தூக்கிப் பார்த்தேன், சுத்தமாக இருந்தது. தெர்மாமீட்டர் 39.4 டிகிரி செல்சியஸ் காட்டியது, குட்டிக்கு அது காய்ச்சல் இல்லை. இடப்பக்க விலாப் பள்ளத்தில் கையை வைத்துக் காத்திருந்தேன். இரைப்பை மெல்ல உருண்டது. சற்று நேரத்தில் அது படுத்து அசைபோட ஆரம்பித்தது. தண்ணீரை மாற்றி வைத்துவிட்டு வந்துவிட்டேன்.